ஒலிக்கும் ஒரு சுமைக்கோடு

திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பலைக் கரையிலிருந்து நோக்குவோர், அதன் பக்கத்தில் வட்டமும் கோடுமாக ஒரு குறி தீட்டப்பட்டிருப்பதைக் காண்பர். அதுவே சுமைக்கோடு. பாரம் ஏற ஏறக் கப்பல் தாழும்; அக்கோடு மூழ்குமளவுக்குப் பாரம் ஏற்றலாகாது. சாமுவேல் பிலிம்சோல் என்பாரின் இடையறா முயற்சியால், 1876ஆம் ஆண்டிலே பிரித்தானியச் சட்டம் இக்குறியைக் கட்டாயமாக்கிற்று. ஒலிக்கும் இத்தகைய கோடொன்று உண்டு. அதன் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

நம் நாட்டில் வானொலி தோன்றியது 1920களின் முற்பகுதியிலாகும். எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு கருவி அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். முறையான ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16இல் தொடங்கிற்று. அம்முறையில், குரலின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப, அதனைச் சுமந்து செல்லும் அலையின் வலிமை கூடியும் குறைந்தும் வரும். அலை முற்றும் அற்றுப்போன பின் அதனினும் குறைய இடமில்லை அன்றோ? ஆகவே குரல் அளவு மிஞ்சினால், கேட்போர் செவியில் கரகரப்பே எஞ்சும். இதனைத் தடுக்க, 1939இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனங்களும் பெல் ஆய்வுகூடமும் கூடிப் பொதுவான ஒலிமட்ட அளவுமானி ஒன்றை வகுத்தன. அதன் முள் சிவப்புப் பகுதியில் நிலைகொள்ளாது காப்பதே ஒலிக் கட்டுப்பாட்டாளரின் கடமையாயிற்று. பின்னர் ஜெர்மானிய வானொலி நம் திருகோணமலை மாவட்டத்தில் நடத்திய அஞ்சல் நிலையத்தின் சிற்றலைகளுக்கும் இவ்விதியே பொருந்திற்று.

பழைய வெற்றிடக் குழாயும் காந்த நாடாவும் எல்லை மீறலைச் சிறிது பொறுத்தன. கணினியோ பொறுப்பதில்லை. 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டில், ஒலி ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று எண்ணாக எழுதப்படும். ஒவ்வோர் அளவுக்கும் 65,536 படிகளே உண்டு. உச்சப் படிக்கு மேல் எழும் ஒலியனைத்தும் அவ்வுச்ச எண்ணாகவே பதிவாகும். மலைமுகட்டை வாளால் சீவியதுபோல் அலையின் தலை தட்டையாகும். அதனையே நாம் திரிபு என்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலை விழாவொன்றிலே முதிய நாதசுரக் கலைஞர் ஒருவரின் வாசிப்பைக் கணினியில் பதிந்தோம். உரக்கக் கேட்கவேண்டும் என்னும் ஆவலால், அளவை உச்சத்தில் வைக்கச் சொன்னவன் நானே. பின்னர் அதனை இசைத்தபோது, மேற்சுரங்கள் யாவும் கிழிந்த துணிபோல் ஒலித்தன. பெருக்கியின் ஒலியைக் குறைத்தோம். கிழிசலும் மெல்ல ஒலித்ததேயன்றி மறையவில்லை. அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை.

பதிவில் நேர்ந்த திரிபை முற்றும் நீக்கல் அரிது. இசைக்கும்போது நேரும் திரிபையோ நீக்கலாம். அது பிறக்கும் இடம் தெரிந்தால் போதும். சில மென்பொருள்கள் ஒலியை நூறு வீதத்துக்கும் மேல் உயர்த்த இடமளிக்கின்றன. அதனைத் தவிர்த்தல் நன்று. தாழ்சுரத்தைத் தனியே கூட்டினால், மொத்த அளவை அதற்கு ஈடாகக் குறைத்தல் வேண்டும். கணினியின் ஒலியைப் பெருக்கியின் ஒலிவாங்கித் துளையிற் செலுத்துதல் நம் விழாக்களில் மலிந்த பிழை. அத்துளை சில மில்லிவோல்ட் அளவான நுண்ணிய மின்னழுத்தத்துக்கே உரியது. எவ்விடத்தில் அளவு மிஞ்சுகின்றதோ, அதற்கு முன்னரே குறைத்தல் வேண்டும். பின்னே குறைத்துப் பயனில்லை. போதிய உரப்பு இல்லையெனின், இறுதியில் நிற்கும் பெருக்கியில் அதன் ஆற்றலுக்கு உட்பட்டுக் கூட்டுக.

உலகமும் இப்பாடத்தைப் பிந்தியே கற்றது. இசைத்தட்டு வெளியிடுவோர் ஒருவரையொருவர் விஞ்சி உரப்பைக் கூட்டி வந்த போட்டிக்குப் பின், உரப்பை அளக்கும் பொதுமுறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் தமக்கு ஒரு பொது அளவை ஏற்றனர்.

நேயர்களே, உங்கள் இல்லத்து முதியோரின் குரலையும் பாட்டையும் இன்று கைப்பேசியிலேனும் பதிந்து வைப்பீர்கள். அப்பொழுது அளவுமானியின் உச்சிக்குக் கீழே சிறிது இடம் விடுங்கள். தாழ்ந்த குரலைப் பின்னர் உயர்த்திக் கேட்கலாம். வெட்டுண்ட குரலை மீட்டல் எளிதன்று.