எலும்புருக்கியும் புற்றுக்கட்டியும்

காசநோய்க்குத் தமிழில் எலும்புருக்கி என்றொரு பெயர் உண்டு. பெரும்பாலும் நுரையீரலைப் பற்றும் இந்நோய், சிலரிடத்தில் எலும்பையே அரித்து அப்பெயரை மெய்யாக்கிவிடுகிறது. அவ்வாறு எலும்பில் தங்கும்போது புற்றுக்கட்டி போலவே தோன்றி மருத்துவரையும் மயக்குகிறது.

இந்நோய் மிகப் பழமையானது. எகிப்தில் 21ஆம் அரச மரபின் காலத்தில் வாழ்ந்த ஆமோன் கோயிற் குரு ஒருவரின் பதப்படுத்திய உடலைப் பற்றி 1910இல் எலியட் ஸ்மித்தும் ரஃபரும் எழுதினர். முதுகெலும்பு சிதைந்து கூன் விழுந்திருந்தது. இடுப்புத் தசையில் பெரிய சீழ்க்கட்டியும் காணப்பட்டது.

1779இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், கூனும் கால் முடக்கமும் ஒருங்கே வருவதை விளக்கி எழுதினார். முதுகெலும்புக் காசநோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. முதுகின் இருபுறமும் புண் உண்டாக்கி நீர் வடியச் செய்வதே அவர் கையாண்ட முறை. நோயின் காரணத்தை அவர் அறியார். 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக் கிருமியை அறிவித்த பின்னரே அது விளங்கிற்று.

1895இல் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் மருத்துவருக்குப் புதிய கண்ணாயிற்று. ஆயினும், எலும்பு அரிக்கப்பட்டதைக் காட்டிய படம் அரித்தது எதுவென்று எப்போதும் சொல்லவில்லை. வலி, வீக்கம், உடல் இளைப்பு ஆகியவை இரு நோய்க்கும் பொது. காசநோய்ச் சீழ்க்கட்டியில் சூடும் சிவப்பும் பெரும்பாலும் இரா. பொதுவாகக் காசநோய் அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளையும் இடையிலுள்ள தட்டையும் அழிக்கும். புற்றோ தட்டை விட்டுவிடும். ஆனால் தட்டைத் தொடாமல் ஓர் எலும்பை மட்டும் பற்றும் காசநோயும் உண்டு. மயக்கம் பிறப்பது அங்கேதான்.

பிழையின் விலை பெரிது. காசநோயைப் புற்றென்று கொண்டால், மருந்தால் காக்கக்கூடிய காலை இழக்க நேரலாம். புற்றைக் காசநோயென்று கொண்டால், காத்திருக்கும் காலத்தில் அது பரவிவிடும். ஆதலின் ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதே தக்க வழி. எலும்பில் கிருமிகள் சிலவே. அவையும் மெல்லப் பெருகுவன. எனவே வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். இன்றைய மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் விடை தருகிறது. எனினும் கிருமி அகப்படவில்லை என்பதனால் மட்டும் நோயில்லை என்று முடிவு கட்டுவதில்லை.

மருந்து கிடைக்காத நாளில் வெயிலும் படுக்கையுமே துணை. 1903 முதல் சுவிட்சர்லாந்தின் லெய்சின் மலையூரில் ரோலியர் வெயிற் சிகிச்சை நடத்தினார். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியாசிடும் வந்து நிலைமையை மாற்றின. 1956இல் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் ஹாங்காங்கில் தாம் செய்த அறுவை முறையை வெளியிட்டனர். கொரியாவின் மாசான், பூசான் நகர்களில் நடந்து 1973இல் வெளியான ஆய்வுகளோ, முறையாக மருந்துண்டால் நெடும் படுக்கையும் மாவுக்கட்டும் வேண்டுவதில்லை எனக் காட்டின. பின்னர்ச் சென்னையிலும் 6 மாத, 9 மாத மருந்து முறைகள் ஆராயப்பட்டன. நரம்பு நசுங்கியவர்க்கும் எலும்பு மிகச் சிதைந்தவர்க்கும் அறுவை இன்றும் தேவைப்படுகிறது.

பாட் காலத்தில் நோய் தெரிந்தும் மருந்தில்லை. இன்று மருந்துண்டு; நோயை இன்னதென்று தெளிவதே முதற்கடமை.