நோயுற்ற மாடும் சந்தையும்: ஒரு சட்டத்தின் வரலாறு

மிருகங்களிடையே தொற்றுநோய் பரவும் காலங்களில் அரசாங்கம் வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளியிடும். குறித்த பிரதேசத்திலிருந்து மிருகங்களை வெளியே கொண்டுசெல்லலாகாது, விற்கலாகாது, நோய் கண்டால் உடனே அறிவித்தல் வேண்டும் என்று அது சொல்லும். என் பத்திரிகை வாழ்வில் இத்தகைய அறிவித்தல்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் உட்பக்கத்தில் ஒரு சிறு பத்தியாகவே அவை முடிந்துவிடும். ஆயினும் அந்த வரண்ட வாசகங்களுக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு கால வரலாறு உண்டு. அதனை வாசிக்குந்தோறும் ஒரு கேள்வியே என் முன் எழுகின்றது: நோயுற்ற மாட்டை அதன் சொந்தக்காரன் ஏன் மறைத்து விற்கின்றான்?

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் மாட்டுப் பட்டிகளை அழித்தது வெக்கை நோய். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு எனத் தொடங்கி, நாட்கணக்கில் மாட்டைச் சாய்த்துவிடும் கொள்ளைநோய் அது. 1711 இல் வட இத்தாலியில் தொடங்கிப் பாப்பரசரின் ஆட்சிப் பிரதேசங்களுக்கும் அது பரவியது. பாப்பரசர் பதினோராம் கிளமெண்டின் மருத்துவரான லான்சிசி, மருந்தைத் தேடிக் காலத்தைக் கழியாது, நோயுற்ற மாடுகளைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும் மாடுகளின் நடமாட்டத்தைத் தடுக்கவும் வேண்டும் என்றார். விதிகளை மீறிய பொதுமக்களுக்குக் கொடிய மரண தண்டனை. குருமாருக்கோ கப்பலில் தண்டு வலிக்கும் தண்டனை. அச்சத்தின் மீது எழுப்பப்பட்ட சட்டம் அது.

அதே காலத்தில், 1714 இல், இலண்டனைச் சூழ்ந்த பாற்பண்ணைகளிலும் இந்நோய் தோன்றியது. தோமஸ் பேற்ஸ் என்னும் சத்திர சிகிச்சையாளரிடம் அரசு பொறுப்பை ஒப்படைத்தது. அவரும் கொன்றழித்தலையே பரிந்துரைத்தார். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அழிக்கப்படும் ஒவ்வொரு பசுவுக்கும் 40 சிலிங் உரியவருக்கு வழங்கப்பட்டது. அது பசுவின் முழு விலையன்று. ஆயினும் மறைத்து விற்பதிலும் அறிவித்து ஒப்படைப்பதே மேல் என்று எண்ணச் செய்வதற்கு அது போதுமாயிருந்தது. சில மாதங்களிலேயே நோய் அடங்கியது.

இந்தப் பாடத்தைப் பிரித்தானியா நூற்றைம்பது ஆண்டுகளில் மறந்துவிட்டது. 1865 மே மாத இறுதியில், இன்று தாலின் என வழங்கும் ரெவல் துறைமுகத்திலிருந்து மாடுகளை ஏற்றிய கப்பலொன்று ஹல் துறைமுகத்தை அடைந்தது. நோயைக் கொண்டுவந்தது அக்கப்பலே என்று அக்காலத்தவர் பலர் கருதினர். ஜூன் மாதத்தில் இலண்டன் இஸ்லிங்டன் சந்தையில் வாங்கப்பட்ட மாடுகளிடையே நோய் வெளிப்பட்டது. புகைவண்டிப் பாதைகள் நாடெங்கும் விரிந்திருந்த காலம் அது. திங்கட்கிழமைச் சந்தையில் நின்ற மாடு அந்த வாரத்துக்குள்ளேயே ஸ்கொட்லாந்தை அடையக்கூடியதாயிருந்தது.

அரசு முதலில் பிறப்பித்த ஆணைகள் நோயுற்ற மாடுகளைக் கொல்லும் அதிகாரத்தைப் பரிசோதகர்களுக்கு அளித்தன. நட்டஈடு பற்றி அவை எதுவும் கூறவில்லை. விளைவை ஊகிப்பது கடினமன்று. மாடு தளர்வதைக் கண்ட பண்ணையாளர் பரிசோதகருக்குச் சொல்லியனுப்பவில்லை, தரகருக்குச் சொல்லியனுப்பினார். நோயைத் தடுக்க எழுந்த விதியே நோயைச் சந்தைக்கு ஓட்டியது. 1866 பெப்ரவரியில் ஒரே வாரத்தில் 15,000 இற்கும் மேற்பட்ட மாடுகள் புதிதாக நோயுற்றன.

அம்மாதமே பாராளுமன்றம் விரைந்து ஒரு சட்டத்தை இயற்றியது. நோயுற்ற மாடுகளைக் கட்டாயமாகக் கொல்லுதல், மாடுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தல் என்பவற்றோடு, நோயுற்ற மாட்டுக்கு அதன் பெறுமதியில் பாதி வரையும், அதனோடு நின்ற நலமான மாட்டுக்கு முக்காற்பங்கு வரையும் நட்டஈடு என்று வகுக்கப்பட்டது. நோய் வேகமாகத் தணிந்து 1867 இல் ஒழிந்தது. 1869, 1878 ஆம் ஆண்டுகளின் தொற்றுநோய் (மிருகங்கள்) சட்டங்கள் இந்த அனுபவத்தின் மீதே கட்டப்பட்டன.

பிரித்தானிய ஆட்சியோடு இச்சட்ட மரபு இலங்கைக்கும் வந்தது. 1909 இல் மிருகங்களின் தொற்றுநோய்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. 1940 களின் நடுப்பகுதியில் வெக்கை நோய் இத்தீவிலிருந்து நீங்கியது. அதன்பின் நாற்பதாண்டு காலம் அது தலைகாட்டவில்லை.

1987 இல் அது திரும்பி வந்தது. அவ்வாண்டு ஜூலையில் கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையை அடுத்து இந்திய அமைதிகாக்கும் படை இங்கு வந்திறங்கியது. படையினரின் உணவுக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு நோய்க்கிருமியும் வந்ததென்று மிருக வைத்தியத் துறையின் பதிவுகள் கூறுகின்றன. ஆடுகளில் கடுமையாக வெளிப்படாமலேயே மாடுகளுக்குத் தொற்றக்கூடியது அக்கிருமி. கிழக்கிலும் வடக்கிலும் எருமைகளும் மாடுகளும் மடிந்தன. உழவுக்கும் பாலுக்கும் அவற்றையே நம்பியிருந்த, ஏற்கெனவே யுத்தத்தால் நலிந்திருந்த குடும்பங்களுக்கு அது இன்னுமோர் அடி. கட்டளைச் சட்டம் அப்போதும் ஏட்டில் இருந்தது. ஆனால் துப்பாக்கிகள் ஆட்சி செய்யும் இடத்தில் மிருக வைத்தியரின் முத்திரைக்கு எவர் காத்திருப்பார்? நோயின் இறுதித் தடயம் இத்தீவிலிருந்து அகல 1994 வரை சென்றது. உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக 2011 இல் அறிவிக்கப்பட்டது.

பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தை 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் எடுத்துக்கொண்டது. 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோதும் பன்றிகளைக் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

இத்தகைய கட்டுப்பாடுகளை மீறுவோரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது. அவருட் சிலர் அத்தகையோரே. ஆனால் இரண்டு மாடுகளே சொத்தாகவுள்ள குடியானவனுக்கு, அவற்றுள் ஒன்று தீனெடுக்க மறுக்கும் காலையில், அரசின் விதி கேட்பது அவனது சொத்தின் பாதியை. ஊரின் மாடுகளெல்லாம் பிழைக்க அவன் ஒருவன் இழக்க வேண்டும். அந்த இழப்பில் ஊரும் அரசும் பங்கேற்காவிடின், அவன் மாலைக்குள் தரகரைத் தேடிப் போவான். தூக்குமரத்தை நம்பிய லான்சிசியின் காலத்திலேயே, 40 சிலிங்கை நம்பிய பேற்ஸ் இதனை அறிந்திருந்தார். அடுத்த வர்த்தமானி அறிவித்தல் வரும்போது, நட்டஈட்டைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கின்றது என்பதையே நான் முதலில் தேடுவேன்.