ரோம் வழியாக வடக்கன்குளம்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து மாணவர்களுக்குத் தமிழ் இலக்கணம் நடத்திவரும் நமக்குச் சென்ற ஆண்டு ஒரு சிறு அனுபவம் வாய்த்தது. மாலை வேளைகளில் ஸ்பானிய மொழி கற்றுவந்த மாணவி ஒருத்தி, ஐயம் ஒன்றோடு வந்து நின்றாள். 'இருத்தல்' என்பதற்கு அம்மொழியில் இரண்டு வினைகள் உண்டு. 'நான் மாணவி' என்பதற்கு ஒன்று. 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்பதற்கு வேறொன்று. "ஐயா, தமிழில் 'நான் மாணவி' என்னும்போது வினையே இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். அது பெயர்ப்பயனிலை என்று விளக்கினோம். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய சொல்தான். அதன் பொருள் அவளுக்கு அன்றுதான் விளங்கிற்று. "ஸ்பானியம் படிக்கப் போய்த்தான் ஐயா தமிழைக் கவனித்தேன்" என்றாள்.

அன்று மாலை பூவிருந்தவல்லி வழியாக வீடு திரும்பினோம். அவ்வூரில் 1936இல் தொடங்கப்பெற்ற திரு இருதயக் குருமடம் உள்ளது. கத்தோலிக்கக் குருக்களாக விழையும் இளைஞர்கள் பயிலுமிடம் அது. அந்தக் குருமடம் தொடங்கிய ஆண்டில், யாழ்ப்பாணத் தமிழ் இளைஞர் ஒருவர் ரோம் நகரில் அதே பயிற்சியில் இருந்தார் என்பது அப்போது நம் நினைவுக்கு வந்தது. அவரே பின்னாளில் தனிநாயகம் அடிகள் என்று தமிழுலகம் போற்றியவர்.

சேவியர் தனிநாயகம் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கொழும்புக் குருமடத்திலும் பயின்றபின், 1934இல் ரோமில் உள்ள உர்பானியப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் இளைஞர்களுக்காக 1627இல் நிறுவப்பட்ட கல்லூரியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. ஐந்தாண்டுகள் அங்கே இருந்தார். 1938இல் குருவாகத் திருநிலை பெற்றார். இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அந்த வாழ்க்கையில் பாடம் இலத்தீனில். தெருவின் மொழி இத்தாலியம். உடன் பயில்வோர் பல நாட்டினர். இலத்தீன் கைவந்தவருக்கு அதன் பெண்மக்கள் அந்நியரல்லர். தண்ணீரைக் குறிக்கும் 'அக்வா' என்னும் இலத்தீன் சொல் இத்தாலியத்தில் அவ்வாறே நிற்க, ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'அகுவா' என ஆவதைக் காண்பவர், மொழிகளைக் குடும்பமாகப் பார்க்கப் பழகிவிடுகிறார். ஸ்பானியம், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, ஜெர்மன் என அடிகளாரின் மொழியறிவு விரிந்தது.

ஆனால் கதையின் திருப்பம் ரோமில் இல்லை. தென்பாண்டி நாட்டில் இருக்கிறது. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்த அவர், 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரேசாள் பள்ளிக்குத் துணைத்தலைமை ஆசிரியராக வந்தார். ஆங்கில வழியில் படித்து, இறையியலில் முனைவரான அந்த இளங்குருவுக்குத் தமிழிலக்கியம் எட்டாத பொருளாகவே இருந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் நான்காண்டுகள் பாடம் கேட்டார். அதோடும் நிற்காமல், 1945இல் தம் முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். ஐரோப்பிய முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தம் தாய்மொழியின் வகுப்பறையில் மீண்டும் மாணவராக அமர்வதற்கு எத்துணை மனத்துணிவு வேண்டும் என்பதை, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் நன்கறிவோம்.

இவ்விடத்தில் இன்னொரு சேவியரை நினைக்க வேண்டியிருக்கிறது. அடிகளார் தாங்கிய பெயருக்குரிய பிரான்சிஸ் சேவியர், இன்றைய ஸ்பெயினின் நவாரா நாட்டில் பிறந்தவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மக்களின் மொழி தமக்கும், தம் பாஸ்கு மொழி மக்களுக்கும் விளங்காத நிலையைக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். இருமொழியும் அறிந்தோரைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து ஓதினார். அவருக்குப்பின் வந்த அன்றிக் அடிகளார் என்னும் போர்த்துக்கீசியர் மனப்பாடத்தோடு அமையவில்லை. இலக்கணம் வகுக்குமளவு தமிழ் கற்றார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. தமிழ் அச்செழுத்துகளை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜுவான் கொன்சால்வஸ் ஸ்பெயின் நாட்டவர் என்பதும் குறிக்கத்தக்கது.

அதற்கும் முன்பே, 1554 பிப்ரவரியில், லிஸ்பனில் ஒரு நூல் வெளிவந்தது. 'கார்த்தில்யா' எனப்படும் அச்சிறு மறைநூலில் தமிழ், ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டுப் போர்த்துக்கீசியப் பொருளோடு அமைந்துள்ளது. அதை ஆக்கியோர் வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா குரூஸ் என்னும் போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய இந்தியர் மூவர். கடல் கடந்து சென்று, அயல்மொழி கற்று, அம்மொழியின் எழுத்தில் தமிழை ஏற்றியவர்கள். தனிநாயகம் அடிகளுக்கு முந்நூற்றெண்பது ஆண்டுகள் முந்திய உடன்பயணிகள் என்று இவர்களை அழைக்கத் தோன்றுகிறது.

இந்நூலைத் தமிழறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அடிகளாரே. அந்தாம் தெ ப்ரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதன் மறுபதிப்பை 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். இவற்றைப் படித்தறியப் போர்த்துக்கீசியமும் தமிழும் ஒருங்கே தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. குருத்துவப் பயிற்சியில் கிடைத்த மொழிகள் தமிழ் அச்சு வரலாற்றின் திறவுகோலாயின.

சங்க இலக்கியத்தை அவர் கண்ட முறையிலும் இதுவே நிகழ்ந்தது. பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை பெறும் இடம் பற்றிய தம் ஆய்வில், கிரேக்க, இலத்தீன் கவிதைகளை அருகில் வைத்துத் திணைக் கோட்பாட்டின் தனித்தன்மையைக் காட்டினார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். வ. அய். சுப்பிரமணியம் முதலியோருடன் சேர்ந்து 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. இரண்டாம் மாநாட்டைச் சென்னை 1968இல் கண்டது. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

அயல்மொழி கற்றால் தாய்மொழி தேயும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. தாய்மொழி தானே வரும், கற்க வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் அவர்களினும் மிகுதி. அடிகளாரின் வாழ்க்கை இரு சாராருக்கும் மறுமொழி சொல்கிறது. அயல்மொழிகள் அவருக்குத் தமிழைப் பார்க்கும் கண்ணைத் தந்தன. ஆனால் அந்தக் கண் மட்டும் போதவில்லை. வடக்கன்குளத்தில் ஒரு பண்டிதரின் முன் அமர்ந்த நான்காண்டுகளும் வேண்டியிருந்தன. நம் பகுதியில் ஸ்பானியமும் ஜெர்மனும் ஜப்பானியமும் வேலைக்காகக் கற்கும் பிள்ளைகளுக்கு முதற்பாதி கிடைத்துவிட்டது. மறுபாதிக்கு அவர்கள் கதவைத் தட்டும்போது திறக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. மதிப்பெண்ணுக்கான விடைக்குறிப்புகளாகவே இலக்கணத்தை நடத்திவந்த குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

அந்த மாணவி இப்போது குறுந்தொகை படிக்கிறாள். வாரம் ஒரு பாடல். வினையே இல்லாத தொடர்களைக் கண்டால் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வருகிறாள்.