கைநாட்டிலிருந்து சேலரி ஸ்லிப் வரை

போன ஞாயிறு அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிட்டு இருந்தப்போ ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நீங்க வாய்ட் டெக்ல நடத்துற ஏபிசி கிளாஸ் எப்போ ஆரம்பிச்சது?" ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொல்லிட்டோம். வீட்டுக்குப் போய் யோசிச்சா அந்தப் பதில் சரியில்லைன்னு பட்டது. வேலை முடிஞ்ச பிறகு பெரியவங்க உட்கார்ந்து எழுத்துக் கற்பது இந்த ஊரில் ரொம்பப் பழைய வழக்கம். அதான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

நம்ம குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் 1932ல் ரயில்வே தொழிலாளர்கள் போட்ட ஒரு சின்னக் கொட்டகையாகத் தொடங்கியது. இன்றைய காமன்வெல்த் டிரைவ் கட்டடத்துக்கு வந்தது 1998ல்தான். அன்றைய கூலித் தொழிலாளர்களில் பலருக்குக் கையெழுத்துப் போட வராது. சம்பள நாளில் கட்டை விரலை மையில் தொட்டு ஒரு உருட்டு, அவ்வளவுதான். ஊரிலிருந்து கடிதம் வந்தால் படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போகணும். மனைவி மனசு விட்டு எழுதியது லைன் வீடு முழுக்கத் தெரிஞ்சுடும். பதில் எழுதவும் சிராங்கூன் ரோடு பக்கம் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்தான் கதி.

அதே 1932ல்தான் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் தொடங்கியது. கோயில் திருவிழா, காவடி விஷயத்தில் அவங்களுக்கும் நமக்கும் ஒத்துப்போகாது. அது வேற கதை. ஆனால் தமிழன் படிக்கணும் என்பதில் அவங்க பட்ட பாட்டை மறுக்க முடியாது. கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். டீக்கடையில் ஒருத்தர் முரசை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்னு கேட்பாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நார்ரிஸ் ரோட்டில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா, சாரதாமணி என்று இரண்டு தமிழ்ப் பள்ளிகள் நடத்தியது. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946ல் உமறுப் புலவர் பெயரில் ஒரு பள்ளி வைத்தார்கள். எல்லாரும் அவங்கவங்க வழியில் செய்தார்கள்.

அரசு பக்கம், 1951ல் முதியோர் கல்விக்கு ஒரு மன்றம் வந்தது. 1960ல் அது வாரியமாக மாறியது. மலாய்ப் பெயர் லெம்பாகா கெராக்கான் பெலாஜாரான் டேவாசா. அந்தக் காலத்தவர்கள் சுருக்கமா 'லெம்பாகா' என்பார்கள். பகலில் பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சில் ராத்திரி அப்பா உட்கார்ந்தார். நாலு மொழியிலும் வகுப்பு உண்டு, தமிழும் உண்டு. 1970ல் நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம் நம்ம குவீன்ஸ்டவுனில்தான் திறந்தது.

பிறகு காற்று திசை மாறியது. பிரிட்டிஷ் ராணுவம் வெளியேறப் போவதாக 1968ல் அறிவித்து 1971க்குள் தளங்களைக் காலி செய்தது. அங்கே வேலை பார்த்த தமிழர்கள், மலையாளிகள் பலர் வேலை இழந்தார்கள், எத்தனையோ பேர் ஊருக்கே திரும்பினார்கள். இருந்தவர்கள் போன புதிய தொழிற்சாலைகளில் விண்ணப்பமும் இயந்திரத்தின் எச்சரிக்கைப் பலகையும் ஆங்கிலம். 1979ல் லெம்பாகா தொழிற்பயிற்சிக் கழகத்துடன் இணைந்தது. 1982ல் உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டது, அதோடு தமிழ்ப் பள்ளிகள் முடிந்தன. மறு வருஷம், 1983ல், 'பெஸ்ட்' திட்டம் வந்தது. தொடக்கப்பள்ளியைத் தாண்டாத தொழிலாளர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும். 1987ல் எல்லாப் பள்ளியிலும் ஆங்கிலமே முதல் மொழி.

பெஸ்ட் நல்ல திட்டம்தான், பல பேரைக் கரை சேர்த்தது. ஆனால் ஒண்ணு எங்களுக்கு இன்னும் உறுத்துது. தினமும் முரசை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த பாட்டிமார் எத்தனை பேர்! அவங்க கிளினிக்கில் பேப்பரை நீட்டினால் "படிக்கத் தெரியாதாம்மா?" என்று கேட்டார்கள். தெரியும். அந்த எழுத்துதான் தெரியாது. கைநாட்டுக்காரர்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் பார்க்காமல் ஒரே கூடையில் போட்டோம். அதில் நாமும் சேர்த்தி. சொந்தப் பாட்டியையே அப்படி நினைத்தவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

இன்று எங்கள் மேசைக்கு வருகிற தம்பிகளும் அப்படித்தான். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். பலர் பத்தாவது, சிலர் ஐடிஐ. தமிழில் கடகடன்னு படிப்பாங்க. 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு முதலாளியும் விவரமான சேலரி ஸ்லிப் தரணும்னு சட்டம் இருக்கு. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம், ஓடி மணி நேரம், ஓடி சம்பளம் எல்லாம் தனித்தனியா இருக்கணும். சட்டம் நல்லது. தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருது.

அதனால் எங்கள் பாடம் 'ஏ ஃபார் ஆப்பிள்' கிடையாது. முதல் வாரம் அவரவர் பெயர், பெர்மிட் அட்டையில் உள்ளபடி. இரண்டாவது வாரம் 'பேசிக்', 'டிடக்‌ஷன்', 'ஓவர்டைம்' மூன்று சொல். மூன்றாவது வாரம் கணக்கு: ஓடிக்கு ஒரு மணி நேரக் கூலியில் ஒன்றரை மடங்கு. பிறகுதான் மருத்துவமனை, பஸ், போன் பேச்செல்லாம்.

சில மாதம் முன் ஒரு தம்பி தன் ஸ்லிப்பை விரலால் தடவித் தடவிப் படித்தார். 'டிடக்‌ஷன்' வரியில் நின்றார். எழுபது வெள்ளி. எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. பத்து மாசமா அந்த வரி இருந்திருக்கு. பழைய ஸ்லிப்புகளை எல்லாம் மடிச்சு பிளாஸ்டிக் பையில் பத்திரமா வெச்சிருந்தார். அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி, "வாட் இஸ் திஸ் டிடக்‌ஷன் ஃபார்" என்று தானே ஒரு தாளில் எழுதினார். எழுத்துப் பிழையை நாங்க திருத்தலாமான்னு கேட்டோம். "வேணாம்ணே, இப்படியே குடுக்கறேன்" என்றார். மறுநாள் காலையில் சைட்டில் சூப்பர்வைசர் கையில் அவரே கொடுத்தார். அடுத்த மாத ஸ்லிப்பில் அந்த வரி இல்லை. பழைய பத்து மாசத்துக்கு இன்னும் பதில் வரலை, கேட்டுக்கிட்டு இருக்கார்.

வகுப்பு ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு, அதே வாய்ட் டெக். சொல்லித் தர இன்னும் மூணு பேர் வேணும். ஆங்கிலத்தில் புலமை எல்லாம் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். வர்றவங்க பழைய சேலரி ஸ்லிப் இருந்தா தூக்கிப் போடாம எடுத்துட்டு வாங்க.