உதட்டுக் கொப்புளம்: கிறீம் எப்போது உதவும், எப்போது உதவாது?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்திய வீதியோரப் போராட்டமொன்றில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடியபடியே இருந்தார். கீழுதட்டின் ஓரத்தில் கொப்புளங்கள் உடைந்து பொருக்குக் கட்டியிருந்தன. வெயிலில் நாள் முழுக்க இருந்து, இரவில் நித்திரையும் இல்லாமல் போனால் இரண்டொரு நாளில் இப்படி வந்துவிடுகிறது என்றார். மருந்தகத்தில் வாங்கியதாக ஒரு கிறீமையும் காட்டினார். அது தோல் அரிப்புக்குப் பூசும் ஸ்டீரொயிட் கிறீம். போகும்போது குரலைத் தாழ்த்தி, இது கூடாத வருத்தமோ என்று கேட்டார்.

அவருடைய கேள்விக்கும் அவர் கையிலிருந்த பிழையான கிறீமுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல முயல்கிறது இந்தக் கட்டுரை.

இது என்ன வருத்தம்?

உதட்டிலோ அதன் ஓரத்திலோ கொத்தாக எழும் இந்த நீர்க் கொப்புளங்களுக்குக் காரணம் ஹேர்ப்பீஸ் சிம்பிளெக்ஸ் என்ற வைரஸின் முதலாவது வகை. ஹேர்ப்பீஸ் என்றதும் பாலியல் நோய் என்று எண்ணிப் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் உதட்டில் வரும் இந்த வகை பெரும்பாலும் சிறு வயதிலேயே, பெரியவர்கள் கொடுத்த முத்தத்தாலோ எச்சில் பட்டதாலோ தொற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இந்த வைரஸ் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது தெரிவதே இல்லை. எனவே இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒருமுறை உடலுக்குள் வந்த வைரஸ் வெளியேறுவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் போய் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், உடற்களைப்பு, மனஅழுத்தம், மாதவிடாய், உதட்டில் படும் காயம் போன்றவை அதை எழுப்பிவிடலாம். எழுந்த வைரஸ் நரம்பு வழியே இறங்கி, அநேகமாகப் பழைய இடத்திலேயே மீண்டும் கொப்புளமாகும். வெயிலும் நித்திரையின்மையும் ஓயாத கவலையும் ஒன்றாக வாய்த்த ஒருவருக்கு இது திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை.

வழக்கமாக முதலில் உதட்டில் குறுகுறுப்போ எரிவோ தெரியும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கொப்புளம் எழும். பின்பு அது உடைந்து, பொருக்குக் கட்டி, 7 முதல் 10 நாட்களில் தழும்பு இல்லாமல் தானாகவே ஆறிவிடும்.

கிறீம் என்ன செய்கிறது?

இதற்கு அதிகம் பயன்படுவது அசைக்ளோவிர் 5 வீத கிறீம். இந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்திய கேர்ட்ரூட் எலியன், 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். வைரஸ் புகுந்த கலத்தில் மட்டுமே இந்த மருந்து செயலூக்கம் பெறுகிறது. வைரஸின் சொந்த நொதியமே அதைத் தூண்டிவிடும். அதன் பின் வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பது தடைப்படுகிறது. நல்ல கலங்களுக்குப் பெரிதாகப் பாதிப்பு வருவதில்லை.

ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். குறுகுறுப்புத் தொடங்கியவுடனேயே பூசினாலும், புண் ஆறும் காலம் ஏறத்தாழ அரை நாளிலிருந்து ஒரு நாள் வரையே குறைகிறது. பொருக்குக் கட்டிய பின் பூசினால் பயன் மிகக் குறைவு. நரம்பில் உறங்கும் வைரஸை இது தொடுவதே இல்லை. ஆகவே அடுத்த முறை வருவதையும் தடுக்காது. அடிக்கடி வருபவர்கள் ஒரு சிறு டியூபை வீட்டில் வைத்திருப்பதே நல்லது. மருந்தகத்துக்கு பஸ் ஏறிப் போய் வருவதற்குள் பலன் தரும் நேரம் கடந்துவிடும்.

பூசும் முறை

குறுகுறுப்புத் தெரிந்த உடனே தொடங்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாக, நாளுக்கு 5 தடவை பூச வேண்டும். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 5 நாட்கள் தொடருங்கள். ஆறாவிட்டால் மேலும் 5 நாட்கள் வரை பூசலாம். 10 நாட்களாகியும் ஆறாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

பூசுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். தேய்க்காமல், கொப்புளத்தையும் அதன் விளிம்பையும் மூடும்படி மெதுவாக ஒற்றிவிடுங்கள். தேய்த்தால் வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும். சிறிது எரிவோ, தோல் காய்ந்து உரிவதோ இருக்கலாம். முகம் வீங்கினாலோ தடித்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரைக் காணுங்கள். ஒருவரின் டியூபை இன்னொருவர் பாவிக்கக் கூடாது. வாய்க்குள்ளும் கண்ணிலும் இந்தக் கிறீமைப் பூசக் கூடாது. கண்ணுக்கான களிம்பு வேறு. அதை வைத்தியரே எழுதித்தர வேண்டும்.

அந்தத் தாய் பாவித்தது போன்ற ஸ்டீரொயிட் கிறீமைத் தனியாகப் பூசினால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தி குறைந்து புண் பரவ இடமுண்டு. மருந்தகத்தில் “புண்ணுக்குக் கிறீம்” என்று கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டியூபில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுண்ணாம்பு, பற்பசை, உப்பு எதுவும் வேண்டாம். அவை புண்ணை மேலும் புண்ணாக்கும்.

உதட்டுப் புண் எல்லாம் இதுவல்ல

வாய்க்குள் கன்னத்திலோ நாக்கிலோ வரும் வெள்ளைப் புண் பெரும்பாலும் வேறு வகை. அது தொற்றாது, இந்தக் கிறீமுக்கும் கேட்காது. வாயின் இரு கடைகளும் வெடிப்பதற்குப் பூஞ்சணத் தொற்றோ, இரும்புச்சத்து அல்லது பி விற்றமின் குறைவோ காரணமாகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களும் புகைப்பவர்களும், உதட்டிலோ வாயிலோ 2 வாரங்களாகியும் ஆறாத புண்ணையோ வெள்ளை, சிவப்புத் திட்டையோ கண்டால் கிறீம் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.

கிறீமை நம்பியிருக்கக் கூடாதவர்கள்

கண் சிவந்து நொந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். இந்த வைரஸ் கருவிழியில் தழும்பு உண்டாக்கிப் பார்வையையே பாதிக்கக்கூடியது.

பிறந்த குழந்தைக்கு இது உயிராபத்து. உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், தாயாக இருந்தாலும், குழந்தையை முத்தமிடக் கூடாது. கைகழுவி, வாயை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் உடனே ஆலோசனை பெறுங்கள். பிறந்து சில வாரங்களேயான குழந்தை காய்ச்சலாக இருந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், கரப்பான் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்குப் புண் வேகமாகப் பரவலாம். சிறு பிள்ளைகளுக்கு முதல் தொற்று காய்ச்சலோடும் வாய் நிறையப் புண்ணோடும் வரக்கூடும். தண்ணீரும் குடிக்க மறுத்தால் வைத்தியசாலைக்கே கொண்டுபோக வேண்டும். இவர்களுக்கும், கொப்புளம் அடிக்கடி வருபவர்களுக்கும் மாத்திரை தேவைப்படலாம். அது வைத்தியரின் முடிவு. கர்ப்பிணிகள் எதையும் பாவிக்கும் முன் வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.

வராமல் பார்த்துக்கொள்ள

குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து புண் முற்றாக ஆறும்வரை முத்தம், கோப்பை, துவாய், சவர அலகு எதையும் பகிர வேண்டாம். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். வயலிலோ கடலிலோ வீதியிலோ நிற்பவர்கள் தொப்பி, குடையுடன் நில்லுங்கள். முடிந்தால் வெயில் தடுப்புள்ள உதட்டுப் பூச்சையும் பாவியுங்கள்.

நித்திரை கொள்ளுங்கள், கவலையைக் குறையுங்கள் என்று வைத்தியர்கள் சொல்வது சரிதான். பிள்ளையைத் தேடி வீதியில் இருக்கும் ஒரு தாயிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது கூடாத வருத்தமில்லை அம்மா என்று சொன்னேன். சரியான மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை உதடு குறுகுறுத்த உடனேயே பூசச் சொன்னேன். அவர் துண்டை மடித்து, மகனின் படம் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.