கப்பலுக்கு எழுதிய சட்டம், இன்று பேருந்துக்கும்

செம்பட்டியில் கடல் இல்லை. துறைமுகச் சட்டம் நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் கப்பலில் ஹஜ் சென்ற நம் முன்னோர்கள் அதை நேரில் அனுபவித்தவர்கள். காலரா அச்சத்தால் உஸ்மானிய அரசு 1880-களில் செங்கடலின் கமரான் தீவில் தனிமைப்படுத்தும் முகாம் அமைத்தது. இந்தியக் கப்பல்கள் அங்கே நிறுத்தப்பட்டு, பயணிகளின் உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகே ஜித்தா செல்ல முடிந்தது.

இந்தியாவில் இதற்கு இருவகைச் சட்டங்கள் இருந்தன. கள்ளத்தனமாக இறக்கப்படும் சரக்கை 1878-ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம் பறிமுதல் செய்தது. அதன் இடத்தில் 1962-இல் சுங்கச் சட்டம் வந்தது. நோயைக் கொண்டு வந்து இறக்குவதைத் தடுத்தது 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 271. கப்பலைத் தனிமைப்படுத்தும் அரசு விதியைத் தெரிந்தே மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

நோய் பரவிய ஊருக்கும் மற்ற ஊர்களுக்கும் இடையிலான போக்குவரத்து விதிகளை மீறுவதும் அதே பிரிவில் குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 273-ஆம் பிரிவு, 'கப்பல்' என்பதை 'எந்தப் போக்குவரத்து வாகனமும்' என்று விரித்துவிட்டது. தண்டனை மாறவில்லை. ஆக, செம்பட்டி வழியே போகும் பேருந்துக்கும் இது பொருந்தும்.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்வதையும், அங்கிருந்து தப்பி வெளியேறுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். நோயை மறைத்துப் பயணம் செய்வது சட்டப்படியும் குற்றம் என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.