பைக்காலைக் கடந்த ரயில்

மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் வரை 9,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சைபீரிய இருப்புப்பாதையில், தூரத்தைவிட எனக்கு வியப்பளிப்பது குறுக்கே கிடந்த பைக்கால் ஏரிதான். பாதை வேலை 1891-இல் தொடங்கிற்று. ஆனால் ஏரியின் தென்கரை செங்குத்தான பாறை. ஆகவே 1900 முதல் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்த்தனர். கடுங்குளிரில், பனிக்கட்டியை உடைக்கவல்ல அக்கப்பலும் முடங்கிவிடும்; பயணிகள் குதிரை பூட்டிய சறுக்குவண்டிகளில் நடுங்கிக்கொண்டே கடப்பர்.

1904-இல் ஜப்பானுடன் போர் மூண்டது, காத்திருக்க நேரமில்லை. உறைந்த ஏரியின்மீதே தண்டவாளம் பரப்பினர். பனிக்கட்டி பாரம் தாங்குமா? வெள்ளோட்டம் விட்ட எஞ்சின் மூழ்கிற்று! பிறகு பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. வீரர் பலர் நடந்தே கடந்தனர். 30-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் குடைந்த கரையோரப் பாதை அவ்வாண்டின் இலையுதிர்காலத்திலேதான் இணைந்தது.